மூன்று வாரத்தில் நூறு சதவீதம்

கல்கத்தாவின் பாபுகாட் படித்துறையில் ஹவுரா போகும் லாஞ்சுக்காக வரிசையில் நின்றபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. எனக்கு முன்னால் தினப்பயணிகள் ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம். மீன் விலையிலிருந்து அரசியல் வரை தினமும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் ஆறு டிக்கெட்டையும் தானே வாங்கி, விசிறி மாதிரி விரித்து, கேட்டில் நின்றவரிடம் நீட்டினார். அவர் ஆறையும் ஒரே கிழியாகக் கிழித்தார். உள்ளே போனது ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் அன்று வரவேயில்லை. "வர்றான், பின்னாலயே வர்றான்" என்றார் டிக்கெட் வாங்கியவர். கேட்டில் நின்றவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. கணக்கில் ஆறு பேர், படகில் ஐந்து பேர். எனக்கு அந்த ஆறாவது ஆள் மனதில் படவில்லை. ஒரு கை ஆறு பேர் வேலையை ஒரு நொடியில் முடித்த வேகம்தான் பட்டது. லாஞ்ச் பாதி ஆற்றைத் தாண்டும் முன் மொத்தத் திட்டமும் என் தலைக்குள் தயாராகிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகிக் கல்கத்தா வந்து, ஓய்வுபெற்ற பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் லேக் மார்க்கெட் பக்கமே தங்கிவிட்டவர். நான் வங்காளியில் கனவு காண்கிறவள், தமிழில் திட்டு வாங்குகிறவள். கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு ஹவுராவில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இன்டர்நெட் வந்துவிட்டது, இனி உலகத்தில் எதுவும் மெதுவாக நடக்க வேண்டியதில்லை என்று மனதார நம்பினேன். என்னுடைய அந்த நம்பிக்கைக்கு எதிரே, நாலு கம்ப்யூட்டர் வைத்த ஓர் அறையில், பொரோபாபு உட்கார்ந்திருந்தார்.

வங்காள அலுவலகங்களில் தலைமை எழுத்தரைப் பொரோபாபு என்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒற்றை விரலால் தட்டுவார். ஒவ்வோர் எழுத்தையும் தொலைந்துபோன பொருளைத் தேடுவது போலத் தேடுவார். நான் வருவதற்கு ஒரு வருடம் முன்னால் தலைமை அலுவலகம் ஓர் ஆன்லைன் பயிற்சித் திட்டத்தை வாங்கியிருந்தது. தொழிலாளர்கள் எல்லாரும் பாதுகாப்புப் பாடங்களைத் திரையில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்துக் கேள்விகள். விடை சொல்லித் தேறினால்தான் பெயருக்கு நேரே பச்சை விழும். திறப்பு விழாவில் சாமந்தி மாலை, குத்துவிளக்கு, ஆளுக்கொரு பெட்டி சந்தேஷ் இனிப்பு எல்லாம் நடந்ததாம். விளக்கேற்றியவர்கள் காரில் ஏறிப் போனார்கள். மறுவாரம் அந்த அறையில் ஈ காக்கை இல்லை. ஒர்க்ஸ் மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்து, ஓய்வுபெற மூன்று வருடமே இருந்த, எந்த வேலையையும் மறுக்கத் தெரியாத பொரோபாபுவின் மேசையில் அந்தச் சாவியை வைத்துவிட்டார். அவர்மீது இருந்த நம்பிக்கையால் அல்ல. வேறு யாரும் கையை நீட்டவில்லை.

அவர் அதை நடத்திய விதம் எனக்கு முதல் நாளிலிருந்தே எரிச்சலூட்டியது. காலையில் ஒரு நீளமான ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பிரிவாக நடந்து போய் நாலு ஆட்களைக் கேட்பார். ஃபோர்மன்கள் ஆள் விட மாட்டார்கள். "இன்னைக்கு முடியாது பொரோபாபு, உலை காத்திருக்கு" என்பார்கள். இவர் கோபப்பட மாட்டார். கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "நீ வேலையைப் பாரு, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்பார். அரை மணி நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிற ஃபோர்மன் கடைசியில், "கூட்டிட்டுப் போங்க பொரோபாபு, உங்க மூஞ்சியைப் பார்த்தா இரும்புகூட உருக மாட்டேங்குது" என்று நாலு பேரை விரட்டிவிடுவார். அந்த நாலு பேரோடு ஊர்வலம் மாதிரி வருவார். கம்ப்யூட்டர் குரல் ஆங்கிலம் பேசும். அதை நிறுத்தி வங்காளியில் சொல்வார். பீகார்க்காரர்கள் இருந்தால் ஹிந்தியில் சொல்வார். அவருடைய ஹிந்தியைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பாடம் நடக்கும். மௌஸைத் தொட பயந்தவர்கள் உண்டு. சம்மட்டி பிடித்த கைக்குள் அது உயிருள்ள மீன் மாதிரி வழுக்கும். ஆனால் எத்தனை நேரம் ஆனாலும் அவர் தன் கையை அதன்மேல் வைத்து நான் பார்த்ததில்லை. "விரல் உன்னுது, பதிலும் உன்னுது" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அதோடு விட்டாரா, இல்லை. பாரம் தூக்குகிற பாடம் ஒன்று உண்டு. கிரேன் கொக்கியிலிருந்து இரண்டு கம்பிவடங்கள் இறங்கிப் பொருளின் இரு பக்கத்தையும் பிடிக்கும். அந்த இரண்டும் எவ்வளவு அகலமாக விரிகின்றனவோ அவ்வளவு அதிகமாக இழுபடும், ஓர் அளவுக்கு மேல் அறுந்துவிடும் என்பது பொரோபாபு சொன்ன சாரம். அந்தப் பாடம் முடிந்ததும் ஆட்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு வாளி நிறையத் தண்ணீர். ஒரு துண்டை வாளியின் பிடிக்குள் நுழைத்து, இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தூக்கச் சொல்வார். அப்புறம், "கையை விரி, இன்னும் விரி" என்பார். அதே வாளி, அதே தண்ணீர், ஆனால் தோள் நடுங்கத் தொடங்கும். உரம் பாய்ந்த ஆண்கள் முகம் சிவந்து வாளியைப் போடுவார்கள். "ஆன்லைன் பயிற்சிக்கு வாளி எதுக்கு பொரோபாபு?" என்று ஒரு நாள் நக்கலாகக் கேட்டேன். "படம் கண்ணோட போயிடும், மா. இது தோள்ல தங்கும்" என்றார். இளம்பெண்களை 'மா' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். எனக்கோ அந்த 'மா'வில் நான் ஒரு குழந்தை என்கிற அர்த்தம்தான் கேட்டது.

மாலையில் கிளம்பும்போது நாலு மௌஸையும் கழற்றி, ஒரு துணியில் முடிந்து, இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். தான் இல்லாத நேரத்தில் யாரும் யாருக்காகவும் பாடத்தை முடித்துவிடக் கூடாது என்பது அவர் பயம். பயம் நியாயமானது. தொழிலாளியின் டோக்கன் நம்பர்தான் அவருடைய பாஸ்வேர்டு. அந்த நம்பர் சட்டைப் பையில் தொங்கும் பித்தளை வில்லையில் ஊருக்கே தெரியும்படி பொறித்திருக்கும்.

திங்கட்கிழமை தோறும் தலைமை அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். முடித்த ஆலைகள் பச்சை, பாதியில் நிற்பவை மஞ்சள், நாங்கள் சிவப்பு. வாரத்துக்கு இருபது பேர் என்று பொரோபாபு நகர்ந்துகொண்டிருந்தார். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பொரோபாபு, இது பள்ளிக்கூடம் இல்ல" என்றார். "ஆமா சார். பள்ளிக்கூடத்துல ஃபெயிலானா மறுபடி எழுதிக்கலாம்" என்றார் இவர், மிகப் பணிவாக. மேனேஜர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். 'நீயாவது புரிந்துகொள்வாய்' என்கிற பார்வை. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தச் சமயத்தில்தான் பொரோபாபு கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவில் போனார். சாவியை என் கையில் கொடுத்து, "நாலு மௌஸ், எண்ணிக்கோ. வேகத்தைக் கூட்டாதே" என்றார். மறுநாள் மேனேஜர் கேட்டார்: "அவர் வர்றதுக்குள்ள பச்சை ஆக்க முடியுமா?" அன்று காலைதான் டிக்கெட் விசிறியைப் பார்த்திருந்தேன். "முடியும் சார்" என்றேன்.

ஒரு மதியம் கேன்டீன் சுவரில் புரொஜெக்டர் வைத்துத் தீயணைப்புப் பாடத்தை ஓட்டினேன். சாப்பாட்டு நேரம், தட்டுகளின் சத்தம், பின்வரிசையில் நின்றவர்களுக்குப் படம் தெரிந்ததா என்றே தெரியாது. அது ஒன்றுதான் நான் எல்லாருக்கும் காட்டிய பாடம். மற்றவற்றையெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து நானே முடித்தேன். டோக்கன் நம்பரைப் போடு, பாடத்தை ஓட விடாமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவு, பத்துக் கேள்வி, பத்து விடை. கல்லூரியில் தோழிகளுக்கு ப்ராக்ஸி கொடுத்துப் பழகிய மனசுக்கு இதில் ஒரு உறுத்தலும் இல்லை. தப்பாகத் தட்டினால் திரையே சரியான விடையைக் காட்டிவிடும். இரண்டாம் நாளிலேயே கேள்விகளைப் படிப்பதை விட்டுவிட்டேன். பாரம் தூக்கும் பாடமா, சி, ஏ, ஏ, டி, பி... விரல் தானாகப் போகும். நூற்றுக்கணக்கான தடவை அந்தப் பாடத்தில் தேறினேன். இன்றைக்கு யாராவது தட்டியெழுப்பிக் கேட்டாலும் அந்தப் பத்து எழுத்துகளையும் சொல்வேன். கேள்விகள் என்னவென்று அன்றே மறந்துபோயிருந்தது.

ஆட்களுக்கும் சந்தோஷம்தான். வேலையை விட்டு வர வேண்டாம், முழிக்க வேண்டாம். "திதி, என்னுதையும் போட்டுடுங்க" என்று ஜன்னல் வழியாக நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். திதி என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களில் ஒருவர் கலாசி. கிரேனில் பாரத்தைக் கட்டி அவிழ்க்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். உலுபேரியா பக்கத்துக்காரர். நல்ல கேலிக்காரர். அவர் நம்பர் சொல்ல வரவில்லை. காகிதப் பொட்டலத்தில் ஜால்முரி என்கிற காரப்பொரி கொண்டுவந்து ஜன்னலில் வைத்து, "இவ்வளவு வேகமா தட்டுறீங்களே திதி, மாமியார் வீட்டுல நல்லா பாத்திரம் தேய்ப்பீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் சிரித்துக்கொண்டே அவர் நம்பரைப் பட்டியலில் பார்த்துப் போட்டேன். எட்டுப் பாடம், எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. ஜால்முரி தின்று முடிவதற்குள் அவர் கணக்கு முடிந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் நாங்கள் பச்சை. மேனேஜர் எல்லாருக்கும் சந்தேஷ் வாங்கிக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த பொரோபாபு தன் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் பட்டியலைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனார். கடைசிப் பெயரில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்த மூணு வாரத்துல முடிச்ச எல்லாருக்கும் நூறா?"

"ஆமா."

"ஒருத்தன்கூட ஒரு கேள்வியும் தப்பு பண்ணலையா?"

"இல்லை பொரோபாபு."

"நம்ம ஆளுங்க அவ்வளவு நல்லவங்க இல்லையே, மா" என்றார்.

அவ்வளவுதான். அன்று மாலை ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு கடிதம் தட்டினார். எல்லார் பெயரையும் அழித்து முதலிலிருந்து தொடங்க அனுமதி வேண்டும் என்று. மேனேஜர் அதைப் படித்துவிட்டு எழுதிய குறிப்பை நான் பார்த்தேன்: பயிற்சி முழுமை பெற்றுவிட்டதால் இதற்கென்று தனியாக ஆள் தேவையில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அவர் வேலையை எளிதாக்கியதாகத்தான் நினைத்திருந்தேன். பொரோபாபு அனுப்புதல் பிரிவுக்குப் போனார், சரக்கு லாரிகளுக்குச் சீட்டு எழுத. கம்ப்யூட்டர்கள் வேறு பிரிவுக்குப் போயின. அந்த அறையில் பழைய கோப்புகளைக் கொட்டினார்கள். என்னைப் பாலிகஞ்ச்சில் இருந்த நகர அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மற்ற ஆலைகளையும் அதே முறையில் பச்சையாக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க. புது ஆட்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களை மரப்பெட்டியில் உட்கார்ந்து மல்லுக்கட்டி இழுத்து வர யாரும் இல்லை. அவர்கள் பெயரை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றாததால் பட்டியலோ ஒவ்வொரு திங்களும் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு திட்டம் செத்துப்போனது அதன் அறிக்கைக்குத் தெரியாமலே இருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தச் செய்தி போனில் வந்தது. அகலமான ஒரு வார்ப்பைத் தூக்கியிருக்கிறார்கள். வழக்கமான நீள வடம் கிடைக்கவில்லை. இருந்த குட்டை வடங்களை இரு ஓரத்திலும் மாட்டி, விரித்துக் கட்டியிருக்கிறார் ஜால்முரி கொண்டுவந்த அந்தக் கலாசி. தரையை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியதும் ஒரு வடம் அறுந்தது. வார்ப்பு ஊஞ்சல் மாதிரி வீசி அவருடைய வலது காலைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போனை வைத்ததும் எனக்குள் ஓடியது அந்த எழுத்து வரிசைதான். சி, ஏ, ஏ, டி.

நிர்வாகம் அவர்மேலேயே குற்றப்பத்திரிகை கொடுத்தது. பாரம் தூக்கும் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவர், தெரிந்தே விதியை மீறினார், ஆகவே வேலைநீக்கம் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டது. விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் பதிவு உண்மையானது என்று சொல்ல. முந்தைய நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "எதையும் எழுத்துல குடுத்துடாதேம்மா. வாயால சொன்னது காத்தோட போகும், காகிதம் சுத்திச் சுத்தி வரும்" என்றார். முப்பது வருட அரசு உத்தியோகம் பேசியது. அந்த அறிவுரையை நான் வெறுத்தேன். மறுநாள் அதன்படியே நடந்தேன்.

பொரோபாபுவை யாரும் கூப்பிடவில்லை. அவராக வந்தார், ரெஜிஸ்டரோடு. விசாரணை அதிகாரி கேட்டார்: "இவர் பாடம் படிச்சாரா?"

"நான் அந்த அறையில இருந்தவரைக்கும் இல்ல. இவன் பேருக்கு நேரா என் கட்டம் காலி."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் நான் ஆஸ்பத்திரியில. அந்தப் பொண்ணைக் கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். நான் சொன்னேன்: "சிஸ்டத்தில் உள்ள பதிவுதான் சார், இது." சொல்லுக்குச் சொல் உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் இதுவரை சொன்னதில்லை.

கலாசி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டபோது, "படிச்சிருப்பேன் சார். ஒரு நாள் கேன்டீன் சுவத்துல படம் ஓடுச்சு, நான் பின்னால நின்னேன். அதுல சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் மண்டையில நிக்கல" என்றார். அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வங்காளியில், எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. சுவரில் ஓடியது தீயணைப்புப் பாடம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். நான் மேசையின் மரவரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைநீக்கம் உறுதியானது. வெளியே வந்தபோது பொரோபாபு கேட்டருகே நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்று ஏங்கினேன் என்பதுதான் சரி. அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழை வரும்போல இருக்கு, மா. லாஞ்ச் நிறுத்திடுவான், கிளம்பு" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. இன்று வரைக்கும் அந்தக் கருணையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது கருணைதானா என்பதுகூடத் தெரியவில்லை. மழை வரும் என்று அவர் நினைத்திருக்கலாம், அவ்வளவே.

ஓய்வுபெற்ற பிறகு அவர் கலாசிக்காக மனு எழுதுகிறார், தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அலைகிறார் என்று காதில் விழுந்துகொண்டிருந்தது. கண் மங்கி, பேரன் பேத்தி யாராவது படித்துக் காட்ட, அதே ஒற்றை விரலால் தட்டினாராம். பாலிகஞ்ச்சில் இருந்து அவர் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் போகவில்லை. இந்தக் குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி, ஒரே வாரத்தில் போய்விட்டார். சிரார்த்தத்துக்கு அழைக்கும் அட்டை வந்தது. என் முகவரியை யார் கொடுத்தார்களோ.

ஹவுராவில் ஒரு குறுகிய சந்து. மாடியில் பந்தி நடந்தது. கீழே அவருடைய படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். படத்துக்கு எதிரே பெஞ்சில் கலாசி தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படியேற முடியாது. ஒரு தட்டைக் கீழேயே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். நான் ஓடிப்போய் உட்கார வைத்தேன்.

"நல்லா இருக்கீங்களா திதி? பொரோபாபு போயிட்டார் பார்த்தீங்களா. அடுத்த தேதிக்கு என்கூட யார் வருவான்னு தெரியல. படிச்சேன்னு நானே எழுதிக் குடுத்துட்டேனாம். இனி கஷ்டம்கிறார் வக்கீல்."

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பூரியைப் பிய்த்துக்கொண்டே தொடர்ந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நூத்துக்கு நூறு வாங்கின பாடம் எப்படி திதி ஒரு வார்த்தைகூட இல்லாம மறந்துபோகும்? பொண்டாட்டி சொல்றா, உனக்கு மூளையில ஏதோ ஆயிடுச்சுன்னு. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட கேட்டேன். பையன் பேரு, சம்பள தேதி எல்லாம் கேட்டார், எல்லாம் சொன்னேன். இது மட்டும் வரல. ராத்திரி பகலா உட்கார்ந்து யோசிச்சுப் பார்க்கிறேன். சுவத்துல ஓடின படம் ஒண்ணொண்ணா வருது. நெருப்பு வருது, சிவப்பு டப்பா வருது. வடம் வரல."

இரண்டு வருடமாக அந்த மனிதர் தன் தலைக்குள், அங்கே எப்போதும் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லிவிட்டேன். ஜால்முரி கொண்டுவந்த நாள், பட்டியலில் நம்பரைப் பார்த்தது, பத்து எழுத்துகள், எல்லாம். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. வங்காளியில் தொடங்கி நடுவில் எனக்கு மொழியே குழறிவிட்டது.

கையில் இருந்த பூரியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப நான் மறக்கலையா?"

"இல்லை."

"மறக்கலை" என்றார், தனக்குத்தானே. இன்னொரு தடவை சொன்னார். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் மாதிரி ஏதோ வந்தது. அடுத்த நொடி அது போய்விட்டது. ஊன்றுகோலை எடுத்து ஊன்றி, பெஞ்சின் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். எங்கள் நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம்.

"பொரோபாபுவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும். நான் சொல்லலை."

"அவருகிட்டகூடச் சொல்லல." கேள்வி இல்லை அது. மாடியிலிருந்து தட்டுகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "அந்தப் பாடத்துல என்னதான் இருந்துச்சு? சொல்லு."

அதுவரை 'நீங்க' என்றவர், 'சொல்லு' என்றார். வாயைத் திறந்தேன். வாளியைத் தூக்கித் தோள் நடுங்கியவர்களை நான் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். எத்தனை அகலம் வரை விரிக்கலாம், வடம் குட்டையாக இருந்தால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான தடவை முழு மதிப்பெண் வாங்கிய நான் அந்தப் பாடத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர அலுவலகத்திலிருந்து பழைய பதிவுகளை எடுக்க எனக்கு இன்னும் அனுமதி இருக்கிறது. எடுத்துவிட்டேன். அந்த மூன்று வாரத்தில் முடிந்த எல்லாப் பாடங்களும் ஒரே கம்ப்யூட்டரில், வரிசையாக. பதினெட்டு நிமிடப் பாடம் ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் முடிந்திருக்கிறது. வாக்குமூலம் எழுதிவிட்டேன். அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். ஒரு இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டு, "இங்க தேதி விட்டுப்போச்சு" என்றார். அடுத்த மாதம் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த அன்றே எனக்கும் குற்றப்பத்திரிகை வரும். வரட்டும். கலாசிக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று வக்கீலால் சொல்ல முடியவில்லை. கால் கிடைக்காது.

அதற்கு முன் ஒன்று பாக்கி. சிரார்த்தத்தன்று நான் கிளம்பும்போது கலாசி பொரோபாபுவின் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தப் பாடத்தை நான் பார்க்கணும். முழுசா." அவர் வீட்டருகே தரைத்தளத்தில் ஒரு சைபர் கஃபே இருக்கிறது, படி கிடையாது. இந்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். குரல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நிறுத்தி நிறுத்தி நான் வங்காளியில் சொல்ல வேண்டும். வடம், கொக்கி, கோணம், தாங்கும் எடை என்று தேவைப்படும் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களுக்கு இன்னும் வங்காளி தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு நிமிடம். அவருக்கும் எனக்கும் அது முதல் தடவை.